ரெண்டுமே .32 தான், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல: ஒரு பழைய ரிவால்வரும் கொஞ்சம் தோட்டாக்களும்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரி நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ அனுப்பினான். அம்பத்தூரில் அவன் மாமனார் வீடு. மாமனார் இறந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. பீரோவைச் சுத்தம் பண்ணும்போது ஒரு டிரங்க் பெட்டி. அதுக்குள்ள வேட்டியில் சுத்தி ஒரு ரிவால்வர், ஒரு லைசென்ஸ் புத்தகம், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய தோட்டா.

"மச்சான், நீதான் பழைய சாமான் எல்லாம் ஆராய்ச்சி பண்ணுவியே, இது எந்தக் காலத்துது? அத்தை சொல்றாங்க வெள்ளைக்காரன் காலத்துதாம். டப்பாவுல ரெண்டு வகை தோட்டா இருக்கு. ரெண்டுலயும் .32ன்னுதான் போட்டிருக்கு. ரெண்டும் உள்ள போகுது."

கடைசி வரியைப் படிச்சதும் போன் போட்டேன். "போகுது"ன்னா போட்டுப் பார்த்திருக்கான்னு அர்த்தம். முதல் வேலையா, சிலிண்டர் காலியா இருக்கான்னு கேட்டு, பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டு, இனிமே தொடாதேன்னு சொன்னேன். மத்ததை அப்புறம் பார்ப்போம்.

அந்த "மத்தது"தான் இந்தக் கட்டுரை. நான் ஆர்மரர் இல்லை, வக்கீலும் இல்லை. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். ஆனா இந்த விஷயத்தில் இருக்கிற குழப்பம் எனக்கு ரொம்பப் பழக்கமான குழப்பம்: ஒரே பெயர், வேற வேற வெர்ஷன், ஃபைல் திறக்குதுங்கறதால ஃபார்மேட் சரின்னு நினைச்சுக்கறது.

முதலில், ரிவால்வர்னா என்ன?

தமிழில் எல்லாமே துப்பாக்கிதான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதை எழுதுகிற பலர் "ரிவால்வர்" என்றே எழுதுகிறார்கள். அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் அடுக்கியிருக்கும். ரிவால்வரில் ஒரு உருளை சுழலும். அதில் ஐந்தோ ஆறோ அறைகள். ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்கும்போது சுத்தியல் அடிக்கும். இந்த வித்தியாசத்தை மனசில் வெச்சுக்குங்க. நண்பனின் பிஸ்கட் டப்பாவில் இருந்த பிரச்சினையே இதுதான்.

வயசு கண்டுபிடிக்கிறது எப்படி

நம்ம ஊரில் கிடைக்கும் பழைய ரிவால்வர்களில் அடிக்கடி பார்க்கிற பெயர் வெப்லி. பர்மிங்காம் கம்பெனி. அதன் பெயர் மாறிய விதமே ஒரு காலண்டர்.

"பி. வெப்லி அண்ட் சன்" என்று பொறித்திருந்தால் 1897க்கு முந்தியது. அந்த வருஷம் வெப்லி, ஸ்காட் உள்ளிட்ட கம்பெனிகள் சேர்ந்து "வெப்லி அண்ட் ஸ்காட் ரிவால்வர் அண்ட் ஆர்ம்ஸ் கம்பெனி" ஆனது. 1906இல் பெயர் சுருங்கி "வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட்" ஆனது. ஆக, பெயரை வெச்சே மூணு காலத்தில் ஒண்ணில் போட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. மேல் பட்டையில் இருக்கும் பெயர் எல்லாம் செய்தவர் பெயர் இல்லை. விற்ற கடைக்காரரும் தன் பெயரைப் பொறித்துக்கொள்வார். மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஓர் அண்ட் சன்ஸ் ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்றது. அந்தப் பெயரைப் பார்த்து "மெட்ராஸில் செஞ்சது" என்று முடிவு கட்டக்கூடாது.

அடுத்தது மார்க் எண். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வெப்லி கொடுத்த .455 ரிவால்வர்களில் மார்க் 1 வந்தது 1887இல். மார்க் 4 1899இல், மார்க் 5 1913இல், மார்க் 6 1915இல். மார்க் 6ஐ சுலபமாக அடையாளம் காணலாம்: முதல் உலகப்போர்க் காலத்துது, ஆறு அங்குலக் குழல், சதுரமான அடிப்பாகம் கொண்ட கைப்பிடி. ஆனால் மார்க் எண்ணை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம். .455இல் ஒரு மார்க் 4 இருக்கு, பிற்பாடு வந்த.38இல் ஒரு மார்க் 4; .32இல் இன்னொரு மார்க் 4. மூணும் வேற வேற சாமான். வெர்ஷன் நம்பரைப் பார்க்கும் முன் எந்த புராடக்ட் என்று பார்க்கணும்.

.38 மார்க் 4க்கு ஒரு இரட்டைப்பிறவியும் உண்டு: என்ஃபீல்டு நம்பர் 2. அரசாங்கத் தொழிற்சாலையில் செய்தது, 1932இல் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டது. 1938க்குப் பிறகு வந்த வகையில் சுத்தியலுக்குப் பின்னால் கட்டைவிரல் வைக்கும் கொக்கி இருக்காது.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது, புரூஃப் முத்திரை. இங்கிலாந்தில் ஒரு துப்பாக்கியை விற்பதற்கு முன் புரூஃப் ஹவுஸில் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. தாங்காவிட்டால் விற்பனை இல்லை. பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் 1813இல் இருந்து இந்த வேலையைச் செய்கிறது. நம்ம மொழியில் சொன்னால் லோடு டெஸ்டிங் சர்டிபிகேட், இரும்பிலேயே பொறித்தது.

1904இல் வந்த விதிகளின்படி கிரீடத்தின் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்று தனித்தனி முத்திரைகள். இதில் என்.பி. முக்கியம்: நைட்ரோ புரூஃப், அதாவது புகையில்லாத நவீன மருந்துக்குச் சோதித்தது. 1954 விதிகளில் இது கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்று ஒரே முத்திரையாக மாறியது. அதனால் பி.என்.பி. மட்டும் இருந்தால் அந்தச் சோதனை நடந்தது 1954க்குப் பிறகு.

வெப்லி மாதிரியே இருக்கும், ஆனால் ஓவல் வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்து இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து முத்திரை. ஓவலுக்கு மேல் கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிறகு. லியேஜில் வெப்லி புல்டாக் ரிவால்வரைப் பார்த்து ஏகப்பட்ட நகல்கள் செய்தார்கள். நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு.

இப்ப நண்பனின் போட்டோவுக்கு வருவோம். பக்கவாட்டில் "வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட், பர்மிங்காம்". அப்படின்னா 1906க்குப் பிறகு. குழலிலும் சிலிண்டர் அறைகளிலும் பி.என்.பி.; பழைய என்.பி. எங்கேயும் இல்லை. அப்படின்னா முதல் சோதனையே 1954க்குப் பிறகு. லைசென்ஸ் புத்தகத்தில் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் முத்திரையோடு முதல் பதிவு 1971. ஆக, 1954க்கும் 1971க்கும் நடுவில்.

இங்கே ஒரு ஓட்டையை அடைக்கணும். ராணுவத்துக்காகச் செய்த ரிவால்வர்கள் அரசாங்கச் சோதனையோடு போய்விடும். புரூஃப் ஹவுஸுக்குப் போகாது. பிற்பாடு உபரியாக வெளியே விற்கும்போதுதான் பி.என்.பி. விழும். அப்படிப்பட்ட துப்பாக்கியில் அந்த முத்திரை விற்ற காலத்தைச் சொல்லும், செய்த காலத்தை அல்ல. ஆனால் .32 பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வரின் அளவு இல்லை. இதில் ராணுவ அம்புக்குறி முத்திரையும் இல்லை. அதனால் கணக்கு நிற்கிறது.

"வெள்ளைக்காரன் காலத்துது இல்லடா, நேரு காலமோ இந்திரா காலமோதான்"னு சொன்னேன். அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனா இந்த ஏமாற்றத்தில் ஒரு நல்லது இருக்கு: புகையில்லாத மருந்துக்கே சோதித்த துப்பாக்கி. 1880களில் கருமருந்துக்காகச் செய்த ரிவால்வராக இருந்திருந்தால் கதை வேற. நவீன மருந்தின் அழுத்தம் கருமருந்தைவிட வேகமாக ஏறக்கூடியது. பழைய இரும்புக்கு அது பழக்கமில்லை.

அளவு ஏன் சட்டப் பிரச்சினையும்கூட

இந்தியாவில் சாதாரண மக்கள் கையில் இருக்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32 ஆக இருப்பது தற்செயல் இல்லை. 1962 ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவையோ, ராணுவ 9 மி.மீ. தோட்டாவையோ, .45 விளிம்பில்லாத் தோட்டாவையோ போட்டுச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியையும் தடைசெய்யப்பட்ட வகைக்குப் பக்கத்திலேயே தனிப் பிரிவாக வைத்தது. அதைத்தான் கடைக்காரர்கள் "பி.பி.", "என்.பி.பி." என்று பேசுகிறார்கள். போலீஸ், ராணுவத் தோட்டா வெளியே கசிந்தால் அது தனியார் துப்பாக்கியில் வேலை செய்யக்கூடாது. அதுதான் இதன் தர்க்கம். கான்பூரில் செய்யும் நம்ம ஊர் ரிவால்வர் வெப்லியின் வாரிசு மாதிரி இருந்தும் .32இல் வருவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் தாத்தா பெட்டியில் .455 வெப்லியோ .38 என்ஃபீல்டோ கிடைத்தால், அளவைச் சரியாகத் தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்கான விஷயம் இல்லை. எந்த ஆபீஸ், எந்த வகை அனுமதி என்பதே அதில்தான் இருக்கிறது. "பழசுதானே, ஷோகேஸில் வெச்சுக்கலாம்" என்பதும் செல்லாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழமையான ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது, உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும்கூடத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக அது இருக்கணும். எண்ணெய் போட்டு வேட்டியில் சுத்தி வெச்ச வெப்லி அந்தக் கணக்கில் வராது.

பிஸ்கட் டப்பா

இப்ப முக்கியமான இடம். டப்பாவில் இரண்டு வகை. ஒன்று நீளம், அடியில் நன்றாக வெளியே நிற்கும் விளிம்பு, கே.எஃப். என்ற கிர்க்கி தொழிற்சாலை முத்திரை. இது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். கேஸ் நீளம் சுமார் 23 மி.மீ. இன்னொன்று குட்டை, சுமார் 17 மி.மீ., விளிம்பு ரொம்பக் கொஞ்சமாகத்தான் வெளியே தெரியும். இது .32 ஏ.சி.பி., அதாவது 7.65 பிரவுனிங். பிஸ்டலுக்கானது.

நம்ம ஊரில் இரண்டு வகையுமே புழக்கத்தில் இருக்கிறது. கான்பூர் ரிவால்வருக்கு லாங், அஷானி பிஸ்டலுக்கு ஏ.சி.பி. பேச்சில் இரண்டும் "தர்ட்டி டூ". மாமனாருக்கு யாரோ தெரிஞ்சவர் குட்டைத் தோட்டாக்களைக் கொடுத்திருக்கணும்.

விஷயம் என்னன்னா, இரண்டின் உடல் விட்டமும் ஏறக்குறைய ஒன்று, 0.337 அங்குலம். ஏ.சி.பி.யின் அந்தச் சின்ன விளிம்பு அறையின் வாயில் தட்டி நிற்கப் போதும். அதனால் உள்ளே போகும், உட்காரும், சுட்டால் வெடிக்கவும் செய்யும். ஆனால் அமெரிக்கத் தரக்கட்டுப்பாட்டின்படி .32 லாங்குக்கு உச்ச அழுத்தம் 15,000 பி.எஸ்.ஐ. .32 ஏ.சி.பி.க்கு 20,500. மூணில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். குட்டையா இருக்கறது சாதுவா இருக்கும்னு நம்ம கண் சொல்லும். கண் சொல்றது தப்பு.

வெப்லி நடுவில் மடங்கித் திறக்கும் வகை. சட்டத்தின் மேல்பகுதியைப் பிடித்திருப்பது ஒரு கொக்கி. அதிக அழுத்தம் ஒரே நாளில் வெடிக்க வைக்காமல் போகலாம். கொக்கியும் கீலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். "முன்னாடி சுட்டப்ப ஒண்ணும் ஆகல" என்பது பாதுகாப்புக்கு ஆதாரம் ஆகாது. மெமரி லீக் இருக்கிற சர்வரும் முதல் வாரம் நல்லாத்தான் ஓடும்.

இதே பொறி மற்ற அளவுகளிலும் உண்டு.

- .38: பிரிட்டிஷ் சர்வீஸ் ரிவால்வருக்கானது .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், 14,500 பி.எஸ்.ஐ. அதைவிட நீளமான .38 ஸ்பெஷல் 17,000. ஸ்பெஷலின் கேஸ் கொஞ்சம் ஒல்லி. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்கு வந்த அமெரிக்க ரிவால்வர்கள் பலவற்றைப் போருக்குப் பிறகு அறையைக் குடைந்து நீட்டி ஸ்பெஷல் போடும்படி மாற்றி விற்றார்கள். அறை அகலம், கேஸ் ஒல்லி. சுட்டதும் கேஸ் வீங்கும், சிலசமயம் பிளக்கும். .357 மேக்னம் 35,000. பெயரில் எண் குறைவு, அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல்.
- .455: ஐரோப்பியத் தரப்படி உச்ச அழுத்தம் 900 பார், சுமார் 13,000 பி.எஸ்.ஐ. அமெரிக்காவில் இந்தத் தோட்டா கிடைக்காததால், வெப்லி சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி .45 ஏ.சி.பி. போடும்படி ஆக்கினார்கள். அந்தத் தோட்டாவுக்கு 21,000. விற்றவருக்கு லாபம், வாங்கியவருக்குத் தலைவலி.
- .32 குடும்பத்திலேயே .327 ஃபெடரல் மேக்னம் 45,000. பழைய ரிவால்வர் பக்கமே போகக்கூடாது.

பாதுகாப்பான திசையும் ஒன்று இருக்கு. .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற பழைய குட்டை ரிவால்வர் தோட்டாதான் லாங்குக்குத் தாய். லாங் அறையில் அதைப் போடலாம். ஆனால் விளிம்பு நன்றாக வெளியே நிற்கும் ரிவால்வர் தோட்டாவாக இருக்கணும். குட்டையா இருக்கேன்னு ஏ.சி.பி.யோடு குழப்பிக்கொண்டால் போச்சு.

சரி, எது சரியான தோட்டான்னு யார் சொல்வது? துப்பாக்கியே சொல்லும். பர்மிங்காமில் போருக்குப் பிறகு சோதித்த .38 என்ஃபீல்டுகளில் ".38, .767, 3½ டன்" என்று பொறித்திருக்கும். முதலாவது அளவு, இரண்டாவது கேஸின் நீளம் அங்குலத்தில், மூன்றாவது ஒரு சதுர அங்குலத்துக்கான அழுத்தம். டன் கணக்கு பழைய பிரிட்டிஷ் முறையில் அளந்தது, மேலே சொன்ன பி.எஸ்.ஐ.யோடு நேரடியாக ஒப்பிடக்கூடாது. ஆனால் கேஸ் நீளம் ஒன்றே போதும்: .767 என்றால் சுமார் 19½ மி.மீ. .38 ஸ்பெஷல் கேஸ் 29 மி.மீ. கையில் இருக்கும் தோட்டா அது இல்லை என்று ஸ்கேல் வெச்சே தெரிந்துவிடும்.

முத்திரை அழிந்திருந்தாலோ, பொறித்ததும் அறையும் ஒத்துவராவிட்டாலோ, லைசென்ஸ் உள்ள ஆர்மரர் அறையை அளந்து சொல்லணும். அவர் பார்க்க வேண்டியது இன்னும் இருக்கு: சுத்தியலை இழுத்த நிலையில் சிலிண்டர் ஆடுகிறதா, அறை குழலுக்கு நேராக நிற்கிறதா, கொக்கி இறுக்கமா, குழலில் வீக்கமோ துருக்குழியோ இருக்கா. இதில் ஒன்று சரியில்லை என்றாலும் சரியான தோட்டாவும் தப்பான தோட்டாதான்.

நம்ம பக்கத்துப் பழைய தோட்டாக் கதை

பழைய தோட்டா என்றால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ஒரு சம்பவம் ஞாபகம் வரும். 1967 ஜனவரி 12. பூந்தமல்லியில் இருந்து பரங்கிமலை போகிற ரோட்டில் ராமாவரம் தோட்டம். எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், ராதாவின் உடம்பிலும் குண்டு பாய்ந்திருந்தது. இருவருமே பிழைத்தார்கள். தோட்டாக்கள் பல வருஷப் பழசு, மேஜை டிராயரில் உருண்டு உருண்டு வீரியம் குறைந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் "உருண்டால் வீரியம் குறையும்" என்பது இந்த விஷயத்தில் மனசில் நிற்க வேண்டிய பாடம் இல்லை. தோட்டாவைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பமும் ஈரமும். நம்ம ஊர் பீரோவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மருந்து சிதையும், பிரைமருக்குள் ஈரம் ஏறும், பித்தளை வெடிக்கும்.

கெட்ட தோட்டா பலவீனமாக இருப்பதால் ஆபத்து குறைவு என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. பலவீனமான தோட்டாவின் குண்டு குழலுக்கு நடுவிலேயே சிக்கி நின்றுவிடலாம். "டப்"னு சின்னச் சத்தம்தான் கேட்கும். சுட்டவர் தோட்டா வேலை செய்யலை என்று நினைத்து அடுத்ததை அழுத்துவார். முன்னால் அடைப்பு, பின்னால் புது அழுத்தம். குழல் கிழியும். தாமதமாக வெடிப்பதும் உண்டு: அழுத்தினதும் ஒன்றும் ஆகாமல், ஓரிரு விநாடி கழித்து வெடிக்கும். அதுக்குள் சிலிண்டரைத் திறந்தவர் கதி என்ன?

பச்சை படிந்தது, கேஸில் கீறல் உள்ளது, குண்டு ஆடுவது, எங்கே எப்படி இருந்தது என்று தெரியாதது: இவை எதையும் சுட்டுப் பார்த்துச் சோதிக்கக்கூடாது. குப்பையில் போடக்கூடாது, கொரட்டூர் ஏரியிலும் வீசக்கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோதான் ஒப்படைக்கணும்.

கடைசியில் என்ன ஆச்சு

லைசென்ஸ் மாமனார் பெயரில். அவர் போனதும் அந்த உரிமையும் போச்சு. வீட்டில் யாருக்கும் அதை வெச்சிருக்கச் சட்டப்படி இடமில்லை. சட்டத்தின் 21ஆம் பிரிவு இதுக்குத்தான்: உரிமை முடிந்த ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ டெபாசிட் பண்ணணும். வாரிசுகள் தங்கள் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க 2016 விதிகளில் வழி இருக்கு. செங்கல்பட்டு முத்திரை போட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு போக வேண்டாம். 2022 ஜனவரியில் இருந்து நம்ம பகுதிக்கு ஆவடி காவல் ஆணையரகம்.

நண்பன் ஸ்டேஷனுக்கு முதலில் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னான். அவர்கள் சொன்னபடி ரிவால்வரையும் டப்பாவையும் தனித்தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினான். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வருவார். முடிஞ்சதும் போய் வாங்கிட்டு வருவார். இந்தத் தடவ வாங்க ஆள் இல்ல" என்றாராம்.

மகள் பெயரில் விண்ணப்பிக்கலாமா என்று இரண்டு வாரம் பேசினார்கள். கடைசியில் வேண்டாம் என்று முடிவு. சுடத் தெரியாத வீட்டில் சுடக்கூடிய சாமான் எதுக்கு? நான் போட்டோக்களைப் பெரிசாகப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு முத்திரைக்கும் பக்கத்தில் அதன் அர்த்தத்தை எழுதி ஒரு ஃபைல் போட்டுக் கொடுத்தேன். கம்பெனிப் பெயர், பி.என்.பி., அறை எண்கள், லைசென்ஸ் புத்தகத்தின் முதல் பக்கம். இப்ப டிரங்க் பெட்டியில் வேட்டியோடு அந்த ஃபைல்தான் இருக்கு.

பேரன் அதைப் படிச்சுட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்: "அங்கிள், தாத்தாவுக்கு அந்தக் குட்டைத் தோட்டா தப்புன்னு தெரியுமா?"

ரசீதை எடுத்துப் பார்த்தோம். நீளத் தோட்டாக்கள் 19, குட்டை 25. நீளத்தில் 6 குறைவு, பெட்டிக்கு 25 என்ற கணக்கில். குட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எழுதி வைக்கத்தான் இல்லை. உங்க வீட்டில் இப்படி ஒன்று லைசென்ஸோடு இருந்தால், அதற்கான தோட்டா எது, எது கூடாது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி லைசென்ஸ் புத்தகத்துக்குள் வையுங்கள். அடுத்து அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறவருக்கு அது தெரிஞ்சிருக்காது.